தடையாவது எந்த மொழி?

கடல் கடந்த நாட்டிலிருந்து காருக்குரிய துணைப்பொருளைத் தருவித்துக்கொள்வது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழிளைஞர்க்கு இன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. கிள்ளானில் இருப்பவர் குவாங்சோவிலிருந்து கால்விரிப்பு வாங்குகிறார். ஈப்போவில் இருப்பவர் ஜப்பானில் கழற்றி வைத்த சக்கரத்திற்கு விலை கேட்கிறார். விற்பவர்க்குத் தமிழ் தெரியாது. வாங்குபவர்க்குச் சீனமும் தெரியாது, ஜப்பானியமும் தெரியாது. இருவர்க்கும் நடுவே கைப்பேசி ஒன்று நின்று, ஒருவர் எழுதியதை மற்றவர் மொழிக்கு மாற்றித் தருகிறது. பொருள் சரியாக வந்து சேர்ந்தால் வாங்கியவர் தம் திறமையை மெச்சிக்கொள்கிறார். பிழையாக வந்து சேர்ந்தாலோ, "மொழித் தடை, என்ன செய்வது?" என்று கையை விரிக்கிறார்.

அந்தத் தடை எந்த மொழியில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. சீனத்தில் இருக்கிறது என்றும் ஜப்பானியத்தில் இருக்கிறது என்றும் எல்லாரும் எளிதாக முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பிழையானது. தடையில் பெரும்பகுதி வாங்குபவரின் சொந்த மொழியில்தான் இருக்கிறது. அதனை அங்கே வைத்தது தமிழன்று. தமிழைக் கற்பித்த முறையே. தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இக்கூற்று கசக்கலாம். கசந்தாலும் மெய்யா பொய்யா என்று ஆராய்ந்து பார்ப்பதே அறிவுடைமை.

ஒரு கால்விரிப்பின் கதை

இவ்வாணிகம் ஏன் வளர்ந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மலேசியாவில் உருவான வண்டிகள் பலவற்றுக்கு மூலம் வேறு நாட்டில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கு மூலம் ஜப்பானின் மிட்சுபிஷி வண்டி. 1994ஆம் ஆண்டு வந்த பெரோடுவா கஞ்சிலுக்கும், 2005ஆம் ஆண்டு வந்த மைவிக்கும் மூலம் டைஹாட்சு வண்டிகள். ஆகவே, ஜப்பானில் கிடைக்கும் பாகம் இங்குள்ள வண்டிக்குப் பொருந்தும் என்பதைப் பட்டறையில் உழைப்போர் பல்லாண்டுகளாக அறிவர். 'ஹாஃப் கட்' என்று வழங்கும், பாதியாக வெட்டிக் கப்பலேற்றிய ஜப்பானிய வண்டிகளின் வாணிகம் இந்த அறிவின்மேல் எழுந்ததுதான். பின்னர், 2017ஆம் ஆண்டு சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கினை வாங்கியது. 2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70 அறிமுகமாயிற்று. அதன் மூலம் சீனாவில் ஓடும் ஜீலி போயுவே என்னும் வண்டி. ஜப்பானை நோக்கியிருந்த கண்கள் அதன்பின் சீனாவையும் நோக்கத் தொடங்கின.

இந்நிலையில், எக்ஸ்70 வைத்திருக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்து பார்க்கலாம். சீன விற்பனையாளர் ஒருவரிடம் கால்விரிப்புகள் உள்ளூர் விலையினும் குறைவாகக் கிடைப்பதைக் காண்கிறார். வண்டியின் பெயர் பொருந்துகிறது. படமும் அழகாக இருக்கிறது. பணம் செலுத்துகிறார். சில வாரங்களில் பொதி வந்து சேர்கிறது. பிரித்து விரித்தால் ஓட்டுநர் பக்கத்து விரிப்பு அந்த இடத்தில் அமர மறுக்கிறது. மிதிகளுக்காக வளைத்திருக்க வேண்டிய விளிம்பு வேறு பக்கத்தில் வளைந்திருக்கிறது. தரையிலுள்ள கொக்கிக்கு நேராக விரிப்பில் துளையும் இல்லை.

காரணம் எளிது. சீனாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஓட்டுநர் வண்டிக்குள் இடப்பக்கம் அமர்வார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் இதற்கு நேர்மாறு. பெயர் ஒன்றாயினும் தரையின் வடிவம் ஒன்றன்று. இதை விலை சார்ந்த சிறு இழப்பு என்று தள்ளிவிடவும் இயலாது. கொக்கியில் மாட்டப்படாத விரிப்பு நகர்ந்து சென்று முடுக்கு மிதியின்கீழ்ச் சிக்கிக்கொண்டால், அது உயிருக்கே இறுதியாகலாம்.

இளைஞர் முறையீடு எழுதுகிறார்: "மேட் சரியில்லை. சைடு மாறிப் போச்சு. வேற அனுப்புங்க." கைப்பேசி இதைச் சீனமாக்குகிறது. விற்பனையாளர் என்ன புரிந்துகொள்வார்? சரியில்லை என்றால் கிழிந்திருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா? சைடு மாறியது என்றால் மேற்புறம் கீழ்ப்புறமாக இருக்கிறதா? "திருப்பிப் போட்டுப் பாருங்கள்" என்று அவர் பணிவுடன் மறுமொழி அனுப்பக்கூடும். அவரைக் குறை கூற இயலுமா? வந்த சொற்களுக்கு அவர் நேர்மையாகவே விடை தந்திருக்கிறார். திருப்பி அனுப்பும் கூலி பொருளின் விலையை விஞ்சிவிடும் என்று அறிந்து, இளைஞர் விரிப்பைச் சுருட்டி வீட்டின் பின்கட்டில் எறிகிறார். மொழித் தடை என்று நண்பர்களிடம் சொல்கிறார்.

வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். ஓட்டுநர் வலப்பக்கம் அமரும் வண்டியைச் சீனர் 'யோ துவோ' என்பர். 'யோ' என்பது வலம். 'துவோ' என்பது கப்பலின் சுக்கான். வலச் சுக்கான் வண்டி! கடலில் கலம் செலுத்தியவர்கள் தரையில் வண்டி செலுத்தும்போது பழைய சொல்லையே கொண்டுவந்து பயன்படுத்தியிருக்கின்றனர். தமிழர்க்கு இது புதிதா? இலங்கைத் தமிழர் காரைத் திருப்பும் சக்கரத்தைச் சுக்கான் என்றே அழைப்பர். சீனர் கண்ட உவமையையே தமிழரும் கண்டிருக்கின்றனர். "என் வண்டி வலச் சுக்கான் வண்டி, நீங்கள் அனுப்பியது இடச் சுக்கான் வண்டிக்குரிய விரிப்பு" என்று எழுதியிருந்தால் வழக்கு தீர்ந்திருக்கும். அச்சொல் தெரியாவிடினும் கேடில்லை. "ஓட்டுநர் வலப்பக்கம் அமரும் வண்டி" என்று நான்கு எளிய சொற்களில் முன்னரே எழுதிக் கேட்டிருந்தால் வழக்கே எழுந்திராது. இந்த நான்கு சொற்களும் சீனச் சொற்களா? ஆரம்பப் பள்ளி மாணவனும் அறிந்த தமிழ்ச் சொற்கள் அல்லவா? பின் ஏன் அவர் எழுதவில்லை? பொருளைப் பார்த்துப் பிறர்க்கு விளங்குமாறு எழுதும் பழக்கம் அவருக்கு ஊட்டப்படவில்லை என்பதே விடை.

மூவகை மறுப்புரைகள்

இதை மறுப்போர் மூவகையினர்.

முதல் வகையினர், "தமிழ் சோறு போடாது, சீனம் படித்திருந்தால் இந்த இழிவு வந்திருக்காது, ஆங்கிலமாவது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்" என்பர். சீனம் கற்பதை எவரும் தடுக்கவில்லை, கற்பவர்க்கு நன்மையே. ஆனால், விற்பவரின் மொழியை அறிந்தவர் பொருளையும் அறிந்தவர் ஆகிவிட மாட்டார். இடம் வலம் பாராமல் வாங்குபவர் சீனத்தில் பேசி வாங்கினாலும் பிழையாகவே வாங்குவார்.

ஆங்கிலம் காக்கும் என்னும் நம்பிக்கைக்கு ஜப்பானிய மொழி தக்க பாடம் புகட்டுகிறது. ஜப்பானியர் கார் பற்றிய சொற்களில் பலவற்றை ஆங்கிலத்திலிருந்து பெற்றுத் தம் ஒலிக்கும் எழுத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டனர். பொருளையும் தம் விருப்பம்போல் அமைத்துக்கொண்டனர். அவர்கள் 'ஹண்டொரு' என்பது கதவின் கைப்பிடியை அன்று. வண்டியைத் திருப்பும் சக்கரத்தை. 'குரேமு' என்றால் உரிமைக் கோரிக்கை அன்று, முறையீடு. பழைய பாகங்களின் ஏலத்தில் 'ஜன்கு' என்று குறித்திருந்தால், அது வேலை செய்யும் என்பதற்கு விற்பவர் உறுதி தரவில்லை என்று பொருள்; முறையீடும் கொள்ளார், திருப்பியும் பெறார். ஆங்கிலம் அறிந்தவர் இச்சொற்களைத் தெரிந்த சொற்கள் என்றெண்ணி ஏமாறவும் கூடும். ஒன்றும் தெரியாதவராவது ஐயுற்றுக் கேட்பார். தெரியும் என்று நினைப்பவர் கேட்கவும் மாட்டார்.

இரண்டாம் வகையினர், "கைப்பேசியே எல்லாவற்றையும் மொழிபெயர்க்கிறது, மொழிப் பயிற்சி எதற்கு? படம் அனுப்பினால் போதும், உதிரிப்பாக எண்ணைத் தந்தால் போதும்" என்பர். இவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. 2011ஆம் ஆண்டிலேயே கூகுளின் மொழிபெயர்ப்பில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. அதன்பின் அக்கருவி வளர்ந்தும் இருக்கிறது. ஆனால், மொழிபெயர்க்கும் பொறி சுமை தூக்குவோரைப் போன்றது. கொடுத்த மூட்டையைக் கொண்டுபோய் இறக்கும். மூட்டையில் இல்லாததை வழியில் சேர்க்காது. "அந்தப் பக்கத்து லைட்டு" என்று எழுதினால், "அந்தப் பக்கம்" என்றே சீனத்திலும் போய் நிற்கும். எந்தப் பக்கம் என்று பொறிக்கு எப்படித் தெரியும்? மேலும், இப்பொறிகள் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் படித்தே மொழியைக் கற்கின்றன. காரின் உறுப்புகளைப் பற்றித் தமிழில் எழுதியவர் அருகியிருந்தால், பொறியின் தமிழும் அத்துறையில் அருகியே இருக்கும். எழுதாத குற்றத்தை எழுத்தைப் படிக்கும் பொறியின் தலையில் சுமத்துவது முறையன்று.

படம் போதுமா? ஜப்பானிய வண்டிகள் பலவற்றின் சக்கரத்தில் ஐந்து திருகுத் துளைகள் 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். செர்மானிய வண்டிகள் பலவற்றில் அதே ஐந்து துளைகள் 112 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். வேறுபாடு 2.3 மில்லிமீட்டர். இதை எந்தப் படத்தில் காண்பது? படத்தில் இரட்டைப் பிள்ளைகளைப்போல் தோன்றும் இவ்விரண்டையும் மாற்றிப் பொருத்தினால், திருகுகள் நேராக அமராமல் சக்கரமே கழன்றோடும் இடருண்டு. அளவைச் சொல்லால் எழுதுவதே வழி.

பாக எண் போதுமா? நல்ல கேள்வி. எண் மிகச் சிறந்த துணை. டொயோட்டா போன்ற நிறுவனங்களின் பாக எண்ணில் முதல் ஐந்து குறிகள் அது எவ்வகைப் பாகம் என்பதையே சொல்லிவிடும். எண்ணை அறிந்தவர் அதனைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஆயினும், எல்லாத் துணைப்பொருள்களுக்கும் எண் இல்லை. எண்ணைக் கொண்டு வாங்கிய விளக்கு உடைந்து வந்தால், எண் முறையிடாது. பொதி பிரிக்கும் முன்னரே உடைந்திருந்ததா, உள்ளே பஞ்சு வைக்காமையால் உடைந்ததா, உடைந்தது கண்ணாடியா, பின்புறத்துக் காதா, வாங்கியவர் வேண்டுவது வேறு விளக்கா, பணமா என்பனவற்றை ஒழுங்குபட எழுதுவதற்கு எண் உதவாது. அதற்கு உரைநடை வேண்டும். பொழிப்பும் உவமையும் இல்லாத, எலும்பும் நரம்புமாய் நிற்கும் உரைநடை வேண்டும்.

மூன்றாம் வகையினரே மிகவும் இடர் தருவோர். "தமிழில் இல்லாத சொல் இல்லை, தமிழால் முடியாதது இல்லை" என்று மேடையில் முழங்குவோர் இவர்கள். இவர்களை நோக்கி, காரின் நிறுத்தியை இயக்கும் தேய்தகட்டைத் தருவிக்க ஒரு மடல் எழுதித் தருமாறு கேட்டால், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பர். மகிழுந்து என்பதா, சீருந்து என்பதா என்று ஒரு மாலை முழுவதும் வழக்காடுவர். வீடு திரும்பும்போது "காடி எங்கே நிற்கிறது?" என்று கேட்டுக்கொண்டே ஏறிச் செல்வர். வண்டிக்கு மூன்று பெயர் உண்டு. அதன் உள்ளிருக்கும் நூறு உறுப்புகளுக்கு எல்லாரும் ஒத்து வழங்கும் பெயர் இல்லை.

சொல்லாக்கத்தில் சீனரும் ஜப்பானியரும் சென்ற வழிகள் வேறுவேறு. சீனர் பெரும்பாலும் தம் வேர்ச்சொற்களைக் கொண்டே ஆக்கினர். வண்டியைத் திருப்பும் சக்கரம் அவர்க்குத் 'திசைத் தட்டு'. முன்விளக்கு 'பெரிய விளக்கு'. பின்பார்க்கும் கண்ணாடி 'பின்னோக்காடி'. ஜப்பானியர் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லையே கடன் கொண்டு தம் எழுத்தில் எழுதினர். மலாய்க்காரர் கடன் கொண்ட சொல்லைத் தம் எழுத்துக்கூட்டலுக்கு அடக்கி, 'எக்சோஸ்', 'கிளாச்' என்று எழுதினர். வழிகள் பலவாயினும், மூவரும் செய்த ஒரு செயல் பொதுவானது: கொண்ட சொல்லை விலைப்பட்டியலிலும் கையேட்டிலும் பாடநூலிலும் பட்டறைப் பலகையிலும் எழுதினர். எழுதிய சொல் நிலைத்தது. தமிழர் எந்த வழியில் செல்வது என்று வழக்காடிக்கொண்டே எந்த வழியிலும் செல்லவில்லை.

இவ்வழக்கிற்குத் தொல்காப்பியர் என்றோ வாயில் திறந்து வைத்திருக்கிறார். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொற்களை நால்வகையாக வகுத்து, வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுமாறு எச்சவியலில் விதித்தார். கொள்ளாதே என்று சொல்லவில்லை. கொள்ளும் முறையைச் சொன்னார். மேலே கண்ட சுக்கான் என்னும் சொல்லே அரபுமொழியிலிருந்து வந்ததுதான். கடல் வாணிகம் கொண்டுவந்த அச்சொல், தமிழர் நாவில் தமிழாகவே ஆகிவிட்டது. நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் அதனை வழங்குக, இல்லையேல் கடன் கொண்டு தமிழெழுத்தில் எழுதுக, எதுவாயினும் எழுதுக. எழுதாமல் காக்கும் தூய்மை, பெட்டிக்குள் பூட்டிய பட்டாடைபோல் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

முன்னோர் எழுதிய முறை

பழம்பெருமை பேசுவோர் முன்னோரின் வாணிகத்தை அடிக்கடி எடுத்துக் காட்டுவர். காட்டட்டும், ஆனால் முழுமையாகக் காட்டட்டும். தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள குவான் லுக் பாட் என்னும் இடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. 'பெரும்பதன் கல்' என்று பழந்தமிழ் எழுத்தில் அதன்மேல் பொறித்திருக்கிறது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது அறிஞர் கருத்து. அது காவியமன்று, மெய்க்கீர்த்தியன்று. தொழிலாளர் ஒருவர் தம் கருவியின்மேல் எழுதி வைத்த பெயர். அயல்நாட்டில், அன்றாடத் தொழிலில், தமிழ் எழுதப்பட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் எழுதியது. மரக்கலத்தோடு வருவோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி அது பேசுகிறது. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் செய்தி தமிழில் இருக்கிறது. இறுதியில் சீன எழுத்தும் இருக்கிறது. அந்தத் தமிழர்கள் சீனரோடு வாழ்வதற்குத் தமிழைக் கைவிடவும் இல்லை. தமிழே போதும் என்று சீனத்தைப் புறக்கணிக்கவும் இல்லை. சொல்ல வேண்டியதைத் தம் மொழியில் செம்மையாகச் சொல்லி, அண்டை வீட்டார்க்காக அவர் மொழியிலும் ஒரு வரி எழுதினர்.

மலாக்காவின் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த போர்த்துகீசியரான தோமே பிரஸ் எழுதி வைத்தார். அத்துறைமுகத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு விளங்கினர். எண்பத்து நான்கு மொழிகளையும் கற்றா அவர்கள் வாணிகம் செய்தனர்? இல்லை. தம் சரக்கின் அளவு, எடை, தரம், விலை ஆகியவற்றை ஐயத்திற்கிடமின்றிச் சொல்லத் தெரிந்திருந்தனர். அவ்வாறு சொன்னதை மொழிபெயர்க்க ஆளும் கிடைத்தனர். தெளிவாகச் சொன்னதை எம்மொழியிலும் பெயர்க்கலாம். தெளிவற்றதைத் தாய்மொழியிலும் விளங்கிக்கொள்ள முடியாது.

வகுப்பறையில் நடப்பது

இனி, இக்குறை எங்கே தொடங்குகிறது என்பதைக் காணவேண்டும். 'தன்கதை' என்னும் கட்டுரை வகை தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவரும் அறிந்தது. 'நான் ஒரு மகிழுந்து' என்று மாணவன் எழுதத் தொடங்குவான். தொழிற்சாலையில் பிறந்தது, கடைக்கண்ணாடிக்குப் பின்னால் மின்னி நின்றது, செல்வர் ஒருவர் வாங்கியது, மகிழ்ச்சிக் கடலில் நீந்தியது, ஒருநாள் விபத்தில் சிக்கியது, இறுதியில் பழைய இரும்புக் கடையில் கண்ணீர் வடித்தது என்று கதை முடியும். ஆசிரியர் மரபுத்தொடருக்கும் இணைமொழிக்கும் புள்ளி வழங்குவார். அந்த மகிழுந்தின் எந்த உறுப்பு உடைந்தது? எவரும் கேட்பதில்லை. கண்ணீர் வடிக்கத் தெரிந்த அவ்வண்டிக்குத் தன் முன்விளக்கு எந்தப் பக்கம் உடைந்தது என்று சொல்லத் தெரியாது.

அவ்வகைக் கட்டுரையை ஒழித்துவிட வேண்டும் என்பது வாதமன்று. கற்பனைக்குப் பயிற்சி வேண்டும். ஆனால், கற்பனைக்கு மட்டுமே பயிற்சி தந்து, காட்சிக்குப் பயிற்சி தராத மொழிக்கல்வி ஒற்றைச் சிறகுப் பறவை. இலக்கியத்தை விட்டுப் பட்டறைக்குள் நுழைவதா என்று சிலர் சீறக்கூடும். அவர்கள் குறிஞ்சிப்பாட்டை மீண்டும் திறந்து பார்க்கட்டும். கபிலர் அதில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். "பல பூக்கள்" என்று எழுதி முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு முடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரைத் தந்தார். பொருளைக் கண்டு அதன் பெயரால் அதனை அழைப்பதே சங்கப் புலவரின் முறை. அம்முறையை மறந்துவிட்டு, "வண்ண வண்ண மலர்கள் கண்ணுக்கு விருந்தளித்தன" என்று எழுதக் கற்பிப்போரே இலக்கியத்தைக் கைவிட்டவர்கள்.

செய்யத்தக்கது அரிதன்று. ஆசிரியர் ஒருநாள் மாணவர்களைப் பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்திற்கு அழைத்துச் செல்லட்டும். டயரின் பக்கத்தில் '185/55 ஆர் 15' என்று பொறித்திருப்பதைக் காட்டட்டும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது டயரின் உட்கட்டமைப்பு வகை. 15 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். இதனைத் தெரியாத ஒருவர்க்குத் தமிழில் ஐந்து தொடர்களில் விளக்கி எழுதுமாறு பணிக்கட்டும். எழுதியதை வேறொரு மாணவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். அவனுக்கு விளங்கினால் கட்டுரை வென்றது. விளங்காவிடில் எத்தனை அணி இருந்தும் தோற்றது.

மறுவாரம் ஒரு தருவிப்பு மடல் எழுதச் செய்யலாம். பொருள் யாது, எந்த வண்டிக்கு, எந்த ஆண்டினது, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னே நோக்கும்போது இடமா வலமா, அளவு என்ன, எத்தனை வேண்டும், உடைந்து வந்தால் என்ன தீர்வு என்பன அதில் அமைதல் வேண்டும். "ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து நோக்கும்போது" என்னும் தொடரின் இன்றியமையாமையை அன்று மாணவன் உணர்வான். வண்டியின் முன்னே நின்று நோக்குபவர்க்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும் அன்றோ?

கணக்கையும் இதனோடு இணைக்கலாம். வான்வழி விரைவஞ்சல் நிறுவனங்கள் பொதியின் எடையை மட்டும் பாரா. அதன் கன அளவையும் பார்க்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது பரவலான முறை. 160, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்கு இவ்வாறு 64 கிலோ என்று கணக்காகும். உள்ளே இருக்கும் முன்தடுப்பு சில கிலோ எடையே இருந்தாலும் 64 கிலோவுக்குக் கூலி செலுத்த நேரும். வரியும் உண்டு. மின்வணிகத்தின் வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கு மலேசியா 2024 சனவரி முதல் நாளிலிருந்து 10 விழுக்காட்டு விற்பனை வரி விதித்தது. சிங்கப்பூர் 400 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கும் பொருள் சேவை வரியை 2023 சனவரி முதல் நாளிலிருந்து விரிவாக்கியது. இவற்றையெல்லாம் தமிழில் விளக்கி எழுதும் பயிற்சி மாணவர்க்கு வேண்டாமா? இவை தமிழுக்குப் புறம்பானவை என்று கருதினால், தமிழர் வாழ்வே தமிழுக்குப் புறம்பானது என்று ஒப்புக்கொண்டதாகும்.

பட்டறைகளில் 'ஃபோர்மேன்' என்று அழைக்கப்படும் பெரியவர்கள் பலர் இருக்கின்றனர். ஓசையைக் கேட்டே பழுதை உரைப்பவர்கள் அவர்கள். அவர்கள் தம் அறிவைத் தமிழிலேயே பேசுகின்றனர். எழுதுவதற்கு எவரும் வழிகாட்டவில்லை. மாணவர்கள் அவர்களிடம் சென்று, "ஐயா, இதை என்னவென்று அழைப்பீர்கள்?" என்று கேட்டு, ஐம்பது உறுப்புகளின் பெயரைத் தொகுத்து வந்தால், அறை மூடி அமர்ந்து ஆக்கிய கலைச்சொற் பட்டியலினும் அது பயன் மிக்கதாகும். பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையே பாலமும் அமையும்.

இதில் இழப்பது ஒரு கால்விரிப்பின் விலை மட்டுமன்று. உதிரிப்பாகங்களைத் தருவித்து விற்றுச் சிறு முதலோடு தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் இருக்கின்றனர். பிழையாக வந்த நான்கு பொதிகள் அவர்களின் முதலை விழுங்கிவிடும். அவர்கள் தோற்றதும், தமிழால்தான் தோற்றோம் என்றே எண்ணுவர். தம் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்று கேட்பர். அக்கேள்விக்கு மேடை முழக்கம் விடையாகாது. வேலைக்கு உதவாத மொழியைச் சடங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் குடும்பம், சடங்கு முடிந்ததும் அதனை மாலையோடு கழற்றி வைத்துவிடும்.

சீனம் படிப்போர் படிக்கட்டும். ஜப்பானியம் பயில்வோர் பயிலட்டும். கைப்பேசியும் தன் பணியைச் செய்யட்டும். இவை அனைத்திற்கும் முன்னதாக, தன் கண்முன் இருக்கும் பொருளை இன்னது, இத்தனை அளவு, இந்தப் பக்கம், இவ்வாறு பழுதுற்றது என்று தன் மொழியில் திருத்தமாக எழுதக் கற்ற மாணவன் ஒருவனைத் தமிழ் வகுப்பு உருவாக்கட்டும். அவன் மடல் குவாங்சோவுக்கும் செல்லும், ஒசாக்காவுக்கும் செல்லும். எம்மொழியில் பெயர்த்தாலும் பொருள் மாறாது நிற்கும். அயல்மொழி என்னும் கடலைக் கடக்கக் கலங்கள் பல உள. கலத்தைத் திருப்பும் சுக்கான் தாய்மொழி. அதனை மாணவர் கையில் கொடுக்க வேண்டியவர் தமிழாசிரியரே.